தாதியரின் மனநிறைவு யார் கையில்?

"தாதியர் ஏன் தங்குகிறார்கள், ஏன் விலகுகிறார்கள்?" என்ற தலைப்பில் நாங்கள் நடத்திய தொலைக்காட்சிக் கருத்தரங்கைப் பார்த்த பலர், அங்கே பேசப்பட்டவற்றை எழுத்தில் தரும்படி கேட்டிருந்தீர்கள். நேரமின்மையால் ஒளிபரப்பில் விடுபட்ட சிலவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நிகழ்ச்சியை வழிநடத்துபவர் கேள்விதான் கேட்க வேண்டும், சொந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்று எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. இந்த ஒரு முறை அதை மீறுகிறேன். காரணம், இந்தக் கதையில் நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன்.

என் அப்பாவுக்கு 71 வயது. துறைமுகத்தில் 30 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு மூன்றும் அவருக்கு உண்டு. வழக்கமாகப் போகும் பலதுறை மருந்தகத்தில் ஒரு நாள், "இன்று உங்களை உயர்நிலைத் தாதி பார்ப்பார்" என்றார்கள். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "மிஸ்ஸியைப் பார்க்கவா காலையிலேயே எழுந்து வந்தேன்? டாக்டர் இல்லையா?" என்று என்னைக் கேட்டார். நானும் விடவில்லை. நேராக முகப்புக்குப் போய், "அப்பாவுக்கு வயதாகிவிட்டது. டாக்டரையே பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா?" என்று சற்று உரக்கவே கேட்டேன். பக்கத்து அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே அந்தத் தாதி உட்கார்ந்திருந்தார். நான் பேசியது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

வேறு வழியின்றி அப்பா உள்ளே போனார். அந்தத் தாதி அவர் காலணியைக் கழற்றச் சொல்லி, இரண்டு பாதங்களையும் விரல் விரலாகப் பார்த்தார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "உணர்ச்சி தெரிகிறதா, அங்கிள்?" என்று கேட்டார். பிறகு மாத்திரைகளைப் பற்றி விசாரித்தார். "எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன்" என்றார் அப்பா. அவர் அதை நம்பிவிடவில்லை, கோபப்படவும் இல்லை. "இந்தப் பெரிய மாத்திரை சிலருக்கு வயிற்றைக் கலக்கும். உங்களுக்கு எப்படி?" என்று மட்டும் கேட்டார். அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நான்கு மாதமாக இரவு மாத்திரையைச் சாப்பிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். வயிறு கலங்குவதை மகளிடம் சொல்ல வெட்கம்; டாக்டரிடம் சொல்ல நேரமில்லை என்ற தயக்கம். இந்த விவரம் அம்மாவுக்கே தெரியாது.

அன்று அந்த அறையில் 25 நிமிடங்கள் இருந்தோம். வெளியே வந்த அப்பா, "நல்ல பொண்ணு" என்றார். அவருடைய அகராதியில் அது பெரிய விருது.

இந்த அனுபவத்தை மனத்தில் வைத்துத்தான் கருத்தரங்கின் தலைப்பைத் தேர்ந்தெடுத்தோம். இப்படி வேலை செய்யும் ஒருவருக்கு எது மனநிறைவு தருகிறது? எது அதைப் பறிக்கிறது?

யார் இந்த உயர்நிலைத் தாதி?

முதலில் இவர்கள் யார் என்று தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் "நர்ஸ் பிராக்டிஷனர்" என்றும், சிங்கப்பூரில் "அட்வான்ஸ்ட் பிராக்டிஸ் நர்ஸ்", சுருக்கமாக "ஏபிஎன்" என்றும் அழைக்கிறார்கள். தாதியாகப் பல ஆண்டுகள் பணியாற்றி, அதன்மேல் முதுகலைப் பட்டமும் பெற்று, நோயாளியைப் பரிசோதிக்கவும் சிகிச்சைத் திட்டம் வகுக்கவும் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள்.

இந்தத் துறை 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதாரத் தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். கிராமப்புறங்களில் குழந்தைகளைப் பார்க்க மருத்துவர்கள் போதவில்லை. ஆனால் தாதியர் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தந்தால் என்ன என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. தொடக்கத்தில் மருத்துவர்களிடமிருந்து மட்டுமன்றித் தாதியர் சிலரிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. இன்று அமெரிக்காவில் இவர்களின் எண்ணிக்கை 3 லட்சத்து 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலேயே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் உரிமை இவர்களுக்கு இருக்கிறது. லொரெட்டா ஃபோர்டு 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் தமது 104-ஆவது வயதில் காலமானார். தாம் நட்ட செடி மரமானதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சிங்கப்பூர் இந்தப் பாதையில் அடியெடுத்து வைத்தது 2003-இல். அந்த ஆண்டு சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் தாதிமையில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. 2006-இல் இவர்களுக்கெனத் தனிப் பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. பட்டம் பெற்றதும் உடனே ஏபிஎன் ஆகிவிட முடியாது. ஓராண்டுக்குக் குறையாத களப் பயிற்சியை முடித்து, மதிப்பீட்டில் தேற வேண்டும். 2018-இல் மற்றொரு கதவு திறந்தது. சிறப்புப் பயிற்சியை முடித்த ஏபிஎன்களும் மருந்தாளர்களும், மருத்துவருடன் செய்துகொள்ளும் உடன்பாட்டின் பேரில், தாங்களே மருந்து எழுதித் தரலாம் என்ற நிலை வந்தது.

சிங்கப்பூரில் பதிவு பெற்ற தாதியர் 40,000-க்கும் அதிகமாக இருக்கிறார்கள். அவர்களில் ஏபிஎன்கள் சில நூறு பேர்தான். ஆகவே பலர் இவர்களைப் பார்த்ததே இல்லை. என் அப்பாவைப் போலச் சந்தேகப்படுவதும் இயல்புதான்.

சம்பளம் ஏணியா, தரையா?

கருத்தரங்கைத் தொடங்கும் முன் பார்வையாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "தாதியர் மனநிறைவோடு இருக்க என்ன செய்ய வேண்டும்?" முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தயங்காமல், "சம்பளத்தைக் கூட்டுங்கள்" என்றார். கைத்தட்டல் பலமாக இருந்தது. தாதியரும் தட்டினார்கள்!

அந்தப் பதிலில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான்.

1959-ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் பொறியாளர்களும் கணக்காளர்களுமாகச் சுமார் 200 பேரிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். வேலையில் எப்போது மிகவும் மகிழ்ந்தீர்கள்? எப்போது மிகவும் வெறுத்தீர்கள்? இரண்டுக்கும் ஒரே காரணங்கள் மாறி மாறி வரும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி வரவில்லை. வெறுப்புக்குச் சொன்ன காரணங்கள் சம்பளம், நிர்வாக விதிகள், மேலதிகாரி, வேலையிடச் சூழல். மகிழ்ச்சிக்குச் சொன்ன காரணங்களோ சாதித்த உணர்வு, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம், வேலையின் தன்மை.

இதை வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். சம்பளமும் வேலை நேரமும் தரை போன்றவை. தரை விரிசல் விட்டிருந்தால் அந்த வீட்டில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். ஆனால் தரை நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் ஒரு வீட்டை நேசிப்பதில்லை. நேசிப்பதற்கு வேறு சில வேண்டும். குறைகளை நீக்குவது ஒரு வேலை, நிறைவைத் தருவது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவது தானாக வரும் என்று காத்திருப்பதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு.

ஆறு அளவுகோல்கள்

சரி, உயர்நிலைத் தாதியருக்கு நிறைவு தருவது எது? அதை அளக்கவே 2001-இல் டெரி மிசனர், டெபொரா காக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 44 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதன் பிறகு இத்துறையில் நடந்த பல ஆய்வுகள் அதையே பயன்படுத்தின. அந்த 44 கேள்விகளும் ஆறு பிரிவுகளில் அடங்குகின்றன. ஒவ்வொன்றையும் நம்மூர் நிலையோடு பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, சவாலும் சுதந்திரமும். கற்ற திறமையைப் பயன்படுத்த இடமிருக்கிறதா, சொந்தமாக முடிவெடுக்க முடிகிறதா என்பது. முதுகலை படித்துவிட்டு வந்த ஒருவர், ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் மருத்துவரின் கையெழுத்துக்காகக் கதவருகே காத்திருந்தால், படித்த படிப்பே அவருக்குப் பாரமாகிவிடும். 2018-இல் வந்த மருந்து எழுதும் உரிமை ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும். அது நோயாளியின் காத்திருப்பைக் குறைக்கிறது. கூடவே, "உங்கள் முடிவை நாங்கள் நம்புகிறோம்" என்ற செய்தியையும் தாதிக்குச் சொல்கிறது.

இரண்டாவது, உடன் பணியாற்றுவோரின் தோழமை. மருத்துவரும் நிர்வாகமும் தாதியைப் பங்காளியாக நடத்துகிறார்களா? சிகிச்சை பற்றிய கூட்டத்தில் அவர் கருத்துக் கேட்கப்படுகிறதா? புதிய விதி வரும்போது முன்கூட்டியே சொல்கிறார்களா, அல்லது அறிவிப்புப் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? எங்கள் கருத்தரங்கில் பேசிய ஒரு மூத்த தாதி இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "டாக்டர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வார்டில் நான் பத்து வருடம் இருப்பேன்."

மூன்றாவது, தொழில் வளர்ச்சி. மேற்படிப்பு, ஆய்வு, பதவி உயர்வு ஆகியவற்றுக்கு வழி இருக்கிறதா? முன்பெல்லாம் நன்றாகச் செயல்படும் தாதிக்கு ஒரே உயர்வுதான் இருந்தது. வார்டின் பொறுப்பாளராக்கி, கட்டிலருகிலிருந்து மேசைக்கு மாற்றிவிடுவார்கள். நோயாளியைப் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்பதற்காகவே நோயாளியிடமிருந்து அவரைப் பிரித்தார்கள்! ஏபிஎன் பாதை அந்த முரண்பாட்டுக்கு ஒரு விடை. நோயாளியை விட்டு விலகாமலேயே உயர முடியும்.

நான்காவது, நேரம். ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் தர முடிகிறது, எழுத்து வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பது. என் அப்பா நான்கு மாத ரகசியத்தைச் சொன்னதற்கு அந்த 25 நிமிடங்களும் ஒரு காரணம். ஐந்து நிமிடம் என்றிருந்தால், "எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன்" என்ற பதிலோடு அது முடிந்திருக்கும். மருந்தின் அளவைக் கூட்டி அனுப்பியிருப்பார்கள். சாப்பிடாத மாத்திரையைக் கூட்டுவதால் யாருக்கு என்ன பயன்?

ஐந்தாவது, சமூகத் தொடர்பும் மதிப்பும். சக தொழிலர்களோடும் சமூகத்தோடும் பழக வாய்ப்பு இருக்கிறதா, தம் பணிக்கு மதிப்பு கிடைக்கிறதா என்பது. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஆறாவது, பலன்கள். விடுப்பு, ஓய்வுக்கால ஏற்பாடு போன்றவை. ஆறில் ஒன்றுதான் இது. ஆனால் நம்மில் பலர் முதலில் நினைப்பது இதைத்தான்.

2005-இல் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் இதே அளவுகோலைக் கொண்டு நடத்திய ஆய்வு, ஹெர்ஸ்பெர்க் சொன்னதற்கு ஒத்துப்போனது. வேலைக்குள்ளிருந்து வரும் காரணங்களில், அதாவது சாதித்த உணர்வு, தரமான கவனிப்பைத் தர முடிவது போன்றவற்றில், தாதியர் அதிக நிறைவோடு இருந்தார்கள். வெளியிலிருந்து நிர்வாகம் தர வேண்டியவற்றில்தான் குறைவு தெரிந்தது.

ஒருவர் கூடினால் என்ன ஆகும்?

"மனநிறைவு என்பது தாதியரின் சொந்த விஷயம்தானே, நோயாளிக்கு அதனால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்குப் பதில் 2002-இல் லிண்டா ஏய்கன் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் 10,184 தாதியரையும், அறுவை சிகிச்சை பெற்ற 2 லட்சத்து 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் அந்தக் குழு ஆராய்ந்தது.

கண்டது என்ன தெரியுமா? ஒரு தாதி கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், அந்தத் தாதி மனச்சோர்வில் வீழும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடுகிறது. வேலையில் அதிருப்தி அடையும் வாய்ப்பு 15 விழுக்காடு கூடுகிறது. நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 விழுக்காடு கூடுகிறது. தாதியின் சோர்வையும் நோயாளியின் உயிரையும் ஒரே கயிறு கட்டியிருக்கிறது என்பதை இந்த மூன்று எண்களும் காட்டுகின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் தாதியர் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலத்தில், அமெரிக்கத் தாதிமைக் கழகம் கேள்வியைத் திருப்பிப் போட்டது. எல்லாரும் "தாதியர் ஏன் போகிறார்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, "எந்த மருத்துவமனையில் போகாமல் இருக்கிறார்கள்?" என்று கேட்டது. 1983-இல் வெளிவந்த அதன் ஆய்வு 41 மருத்துவமனைகளை அடையாளம் கண்டது. காந்தம் இரும்பை இழுப்பதுபோலத் தாதியரை ஈர்த்து வைத்திருந்ததால் அவற்றுக்குக் "காந்த மருத்துவமனைகள்" என்று பெயர் வந்தது. அவற்றின் பொதுக் குணங்கள் எளிமையானவை. போதுமான ஆட்கள், தாதியர் சொல்வதைக் கேட்கும் நிர்வாகம், மருத்துவர்களோடு நல்லுறவு, மேற்படிப்புக்கு ஆதரவு, தம் வேலையில் தாமே முடிவெடுக்கும் உரிமை.

சிங்கப்பூரின் கணக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொவிட் காலத்தில் இந்தப் பிரச்சினை நம் வாசலுக்கே வந்தது. 2021-ஆம் ஆண்டின் முதல் பாதியில் மட்டும் சுமார் 1,500 சுகாதாரப் பணியாளர்கள் வேலையை விட்டார்கள். கிருமித்தொற்றுக்கு முன் ஓர் ஆண்டு முழுவதற்கும் சராசரியாக 2,000 பேர்தான். இதை அந்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னவர் சுகாதார மூத்த துணை அமைச்சர் ஜனில் புதுச்சேரி. அதே 2021-இல் உள்ளூர்த் தாதியரில் 7.4 விழுக்காட்டினரும், வெளிநாட்டுத் தாதியரில் 14.8 விழுக்காட்டினரும் பணியிலிருந்து விலகினார்கள்.

வெளிநாட்டுத் தாதியரின் விகிதம் ஏன் இரு மடங்கு? அவர்களில் பலர் இந்தியா, பிலிப்பீன்ஸ், மலேசியா, மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் ஊருக்குப் போய்ப் பெற்றோரையும் பிள்ளைகளையும் பார்க்க முடியவில்லை. மறுபக்கம், மற்ற நாடுகளும் தாதியரைத் தேடி வலை வீசின. குடும்பத்தோடு குடியேறலாம் என்று ஒரு நாடு அழைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

தேவையோ கூடிக்கொண்டே போகிறது. 2030-இல் நம் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். தாதியர், துணை மருத்துவத் துறையினர், பராமரிப்பு ஆதரவுப் பணியாளர்கள் எல்லாரையும் சேர்த்து 58,000 பேராக இருந்த எண்ணிக்கை, 2030-க்குள் 82,000 ஆக வேண்டும் என்று சுகாதார அமைச்சர் ஓங் யி காங் 2023-இல் கூறினார்.

அரசாங்கமும் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் "ஏஞ்சல்" என்ற திட்டத்தை அறிவித்தது. பொதுச் சுகாதாரத் துறையில் தொடர்ந்து பணியாற்றும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை கிடைக்கக்கூடிய திட்டம் இது. சுமார் 29,000 தாதியர் பயன்பெறலாம் என்று கணக்கிடப்பட்டது. வெளிநாட்டுத் தாதியரையும் அது விட்டுவிடவில்லை.

இது நல்ல திட்டம் என்பதில் ஐயமில்லை. தரையை உறுதியாக்கும் திட்டம். ஆனால் கருத்தரங்கில் கலந்துகொண்ட ஒரு தாதி சொன்னது என்னை யோசிக்க வைத்தது. "அந்தப் பணம் என் மகளின் படிப்புக்கு உதவும், நன்றி. ஆனால் நாளை காலை 7 மணிக்கு நான் எழுந்து வேலைக்குப் போவது அதற்காக அல்ல. நேற்று நடக்க முடியாமல் இருந்த பாட்டி இன்று நடப்பாரா என்று பார்க்கத்தான்."

நாமும் ஒரு காரணம்

ஐந்தாவது அளவுகோலைப் பின்னால் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அது மதிப்பு. இதை அமைச்சோ மருத்துவமனையோ மட்டும் தந்துவிட முடியாது. இதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

2022-இல் இங்கே 3,000-க்கும் மேற்பட்ட பொதுச் சுகாதாரப் பணியாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. மூவரில் இருவர், கடந்த ஓராண்டில் வேலையிடத்தில் அத்துமீறலுக்கோ தொல்லைக்கோ ஆளாகியிருந்தார்கள் அல்லது அதை நேரில் கண்டிருந்தார்கள். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வாரம் ஒரு முறையாவது அந்த அனுபவம். பெரும்பாலும் கத்துவது, மிரட்டுவது, இழிவாகப் பேசுவது. செய்தவர்கள் நோயாளிகளும் அவர்களின் உறவினர்களும். அதாவது நம்மைப் போன்றவர்கள்.

"நான் யாரையும் கத்தியதில்லை" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒளிப்பதிவு முடிந்து விளக்குகளை அணைத்த பிறகு, எங்களோடு பேசிய ஓர் உயர்நிலைத் தாதி தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "திட்டுகிறவர்களைக்கூட மறந்துவிடுவேன், அக்கா. வலியில் பேசுகிறார்கள். ஆனால் நான் முழுதாகப் பரிசோதித்து, விளக்கிச் சொல்லி, மருந்தும் எழுதிக் கொடுத்த பிறகு, 'சரி, டாக்டர் எப்போது வருவார்?' என்று கேட்பார்கள் பாருங்கள். அதுதான் வீடு வரை கூடவே வரும்."

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. அந்த மருந்தகத்தின் முகப்பில் நின்று நான் கேட்டதும் அதே கேள்விதானே!

நம் மூத்தவர்கள் தாதியரை "மிஸ்ஸி" என்று அன்போடுதான் அழைக்கிறார்கள். அந்தச் சொல்லில் தவறில்லை. ஆனால் "மிஸ்ஸிதானே" என்று ஒரு "தானே" சேரும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. நம் வீடுகளிலும் இது உண்டு. மகள் மருத்துவம் படித்தால் உறவினர் எல்லாருக்கும் தொலைபேசியில் சொல்கிறோம். தாதிமை படித்தால், "டாக்டருக்கு மார்க் பத்தவில்லையா?" என்று கேட்கிறோம். மகன் தாதிமை படித்தாலோ, கேட்கவே வேண்டாம்.

ஆனால் நம் முன்னோர் இப்படி நினைக்கவில்லை. திருக்குறளில் "மருந்து" என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்தை நான்கு பகுதிகளாக வகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். இதில் கவனிப்பவரை மருத்துவரின் கீழே ஒரு துணைப்பகுதியாக வள்ளுவர் வைக்கவில்லை. நான்கில் ஒன்றாக வைத்திருக்கிறார். நாற்காலிக்கு ஒரு கால் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

பெரிய தியாகம் எதுவும் தேவையில்லை. அடுத்த முறை உயர்நிலைத் தாதியிடம் அனுப்பினால், மறுக்கும் முன் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை என்றால் அவரே அனுப்பிவைப்பார். அதுவும் அவர் கற்ற பாடத்தில் ஒன்று. சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையைப் படித்து, பெயர் சொல்லி அழையுங்கள். மாத்திரை விஷயத்தில் உண்மையைச் சொல்லுங்கள். நோயாளியின் உண்மைதான் அவர் வேலைக்கு மூலதனம். நன்றாகக் கவனித்தால், மருந்தகத்தின் கருத்துப் படிவத்தில் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். புகார் எழுதப் பேனா தேடும் நாம், பாராட்டு எழுத மட்டும் நேரமில்லை என்கிறோம். அந்த இரண்டு வரி அவருடைய கோப்புக்குப் போகலாம், பதவி உயர்வுக்கும் உதவலாம்.

கடைசியாக, அப்பாவின் கதையை முடித்துவிடுகிறேன். அந்தத் தாதி சொன்னபடி மாத்திரையை உணவுக்குப் பின் சாப்பிட ஆரம்பித்தார். வயிற்றுத் தொல்லை குறைந்தது. காலையில் இரண்டு பரோட்டா ஒன்றாகியது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை அளவு இறங்கியிருந்தது. ஆறு மாதம் கழித்து மீண்டும் போனபோது, அப்பா தாமாகவே முகப்புக்குப் போய், "எனக்கு அந்த மிஸ்ஸிதான் வேண்டும்" என்றார். பெயரையும் சரியாகச் சொன்னார்.

"அவர் வேலையை விட்டுவிட்டாரே, அங்கிள்" என்றார்கள்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. கையில் வாழைப்பழ கேக் ஒன்று வைத்திருந்தார். அம்மா செய்தது, சர்க்கரை குறைத்து. அதை முகப்பில் இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் விலகியதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆறு அளவுகோல்களில் எதுவும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அன்று திறந்திருந்த கதவின் வழியே அவர் காதில் விழுந்த என் குரலை என்னால் திரும்பப் பெற முடியாது. நன்றி சொல்லவும் இனி வழியில்லை. உங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் இருக்கிறது. அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது அதைத் தவறவிடாதீர்கள்.

அடுத்த கருத்தரங்கில் சந்திப்போம். வணக்கம்.